காரைப் பார்க்க முன் கடதாசியைப் பாருங்கள்

சென்ற மாதம் எமது மாலை உரையில், லண்டனில் ஓடுவதற்குப் பாவித்த கார் ஒன்றை எப்படித் தெரிவு செய்வது என்று பேசியிருந்தேன். உரை முடிந்ததும் பல நேயர்கள் தொலைபேசியில் அழைத்து, "வேகமாகச் சொல்லிப் போட்டீர்கள், ஒருக்கா எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2011ஆம் ஆண்டு, மூத்த மகள் பிறந்து நாலு மாதம். குளிருக்குள் பிள்ளையோடு பஸ்ஸுக்கு நிற்க முடியாது என்று ஒரு கார் வாங்க முடிவெடுத்தோம். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர் ஒருவர் தன் காரை 1,400 பவுணுக்குத் தருவதாகச் சொன்னார். சீட்டு எடுத்துக் காசைக் கொடுத்தேன். "எம்.ஓ.டி. இன்னும் ஆறு கிழமைக்கு இருக்கு, ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார். தேத்தண்ணி தந்து உபசரித்த வீடு. பழைய சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆறு கிழமையின் பின் பரிசோதனையில் கார் சித்தியடையவில்லை. அடித்தகடு கறள் பிடித்து உக்கிப் போயிருந்தது. திருத்துவதற்கு 900 பவுண் கேட்டார்கள். காரை உடைக்கக் கொடுக்கும் நாளில் லாச்சியைத் துப்பரவாக்கியபோது, சேவிஸ் புத்தகத்துக்குள் முதல் வருடத்துச் சான்றிதழ் மடித்தபடி இருந்தது. அதிலேயே கறள் பற்றித் தெளிவாக எழுதியிருந்தார்கள். நான் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கார் போன பிறகும் பத்து மாதம் சீட்டுக் காசு கட்டினேன். அந்தக் குடும்பத்தோடு இருந்த பேச்சும் நின்றுபோனது.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். விற்பவர் எம்மவராக இருந்தாலும் பத்திரங்களைக் கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்பது சந்தேகம் அல்ல. காசையும் உறவையும் சேர்த்துக் காப்பாற்றுகிற வழி அது.

கையில் உள்ள காசைப் பிரியுங்கள்

நாலாயிரம் பவுண் இருந்தால் நாலாயிரத்துக்கும் கார் பார்க்காதீர்கள். காப்புறுதி, வீதி வரி, முதல் சேவிஸ், தேவைப்பட்டால் இரண்டு ரயர், ஒரு பற்றரி என்பவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வையுங்கள்.

காப்புறுதிச் செலவைக் காரை வாங்கிய பிறகு விசாரிப்பது பலர் செய்யும் பிழை. விளம்பரத்தில் உள்ள இலக்கத்தைக் கொடுத்து, உங்கள் வயது, முகவரி, லைசன்ஸ் எடுத்த ஆண்டு ஆகியவற்றுடன் முதலே விலை கேளுங்கள். ஒரே விலையுள்ள இரண்டு கார்களுக்கு இடையில் காப்புறுதியில் பல நூறு பவுண் வித்தியாசம் வரலாம்.

வரியும் அப்படித்தான். 2001 மார்ச்சுக்கும் 2017 மார்ச்சுக்கும் இடையில் பதிவான கார்களுக்கு, அவை வெளியிடும் கரியமில வாயுவின் அளவைப் பொறுத்தே வரி. கிலோமீற்றருக்கு 100 கிராமுக்கு மேற்படாத சிறிய கார்களுக்கு 2025 மார்ச் வரை வரியே இருக்கவில்லை. 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 20 பவுண் ஆனது. 2017 ஏப்ரலுக்குப் பின் பதிவான சாதாரண பெற்றோல் காருக்கோ அதே 2025 ஏப்ரலில் 195 பவுண். புதிய கார் என்பதால் வரி குறையும் என்று நினைக்க வேண்டாம்.

பெற்றோலா, டீசலா?

2001இல் வீதி வரியைக் கரியமில வாயுவின்படி மாற்றியபோது டீசல் கார்களுக்கு வரி குறைந்தது. எம்மவர்கள் பலரும் அதை நம்பி டீசல் கார்களையும் ஏழு பேர் இருக்கும் பெரிய கார்களையும் வாங்கினார்கள். இன்று நிலைமை வேறு. யூலெஸ் எனப்படும் மாசுக் கட்டண வலயம் 2023 ஆகஸ்ட் 29இலிருந்து லண்டனின் எல்லா உள்ளூராட்சிப் பகுதிகளுக்கும் விரிந்துவிட்டது. நத்தார் தினம் தவிர மற்ற எல்லா நாட்களிலும், 24 மணி நேரமும் அது நடைமுறையில் இருக்கும். தகுதி இல்லாத காரை ஓட்டினால் நாளொன்றுக்கு 12.50 பவுண். கிழமைக்கு ஐந்து நாளாக வருடத்தில் 48 கிழமை வேலைக்குப் போகிறவருக்கு அது 3,000 பவுண். மலிவாகக் கிடைத்த காரின் விலையை விட அதிகமாகவும் இருக்கலாம்.

பொதுவாக 2006இலிருந்து பதிவான பெற்றோல் கார்களும், 2015 செப்டம்பரிலிருந்து பதிவான டீசல் கார்களும் இந்தக் கட்டணத்துக்குள் வராது. ஆனாலும் ஆண்டை மட்டும் நம்பாமல், லண்டன் போக்குவரத்து அமைப்பின் இணையப் பக்கத்தில் கார் இலக்கத்தைப் போட்டு உறுதிப்படுத்துங்கள். லண்டனுக்கு வெளியே மிக மலிவாக ஒரு டீசல் கார் விற்பனைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

டீசலில் இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று அதில் உண்டு. கார் நல்ல சூடாகித் தொடர்ந்து வேகமாக ஓடும்போதுதான் அந்தக் கரி எரிந்து வடிகட்டி சுத்தமாகும். பள்ளிக்கூடம், கடை, கோவில் என்று இரண்டு மூன்று மைல் மட்டும் ஓடினால் கரி அடைத்து, மாற்றுவதற்குப் பெரும் செலவு வரும். ஆகவே நகர ஓட்டத்துக்குச் சிறிய பெற்றோல் கார் அல்லது பெற்றோல் ஹைபிரிட் கார்தான் பொருத்தம்.

எந்தக் கார்?

டொயோட்டா யாரிஸ், ஹொண்டா ஜாஸ், ஹியுண்டாய் ஐ10, கியா பிக்கான்டோ, சுசுகி சுவிஃப்ட் போன்றவை நகரத்துக்கு ஏற்றவை. தரிப்பிடத்தில் விடுவது சுலபம். பாகங்களும் தாராளமாகக் கிடைக்கும்.

ஜாஸ் காரில் பெற்றோல் தாங்கி முன் இருக்கைகளின் அடியில் இருப்பதால், பின் இருக்கையை மேலே மடித்துப் பெரிய சாமான்களை வைக்கலாம். அரிசி மூட்டையும் பிள்ளையின் தள்ளுவண்டியும் ஏற்றுபவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் பழைய ஜாஸ் கார்களின் கற்றலிட்டிக் கொன்வேர்ட்டரை லண்டனில் களவெடுக்கிறார்கள். புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் இந்தப் பாகத்தில் விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதே காரணம். இரவில் தெருவில்தான் கார் நிற்கும் என்றால் இதையும் யோசியுங்கள்.

யாரிஸ் ஹைபிரிட் காரில் கிளச் இல்லை. நின்று நின்று போகும் நெரிசலில் பிறேக் பிடிக்கும்போது பற்றரி சார்ஜ் ஆகும். டொயோட்டாவின் சொந்த நிலையங்களில் சேவிஸ் செய்தால், 10 வருடம் அல்லது 100,000 மைல் வரை ஒவ்வொரு சேவிஸுக்கும் உத்தரவாதம் நீடிக்கும். கியாவுக்கு 7 வருட உத்தரவாதம். அது அடுத்த உரிமையாளருக்கும் மாறும். இரண்டுக்கும் சேவிஸ் பதிவுகள் ஒழுங்காக இருக்க வேண்டும்.

எந்தக் காரானாலும் எஞ்சினின் ரைமிங் பெல்ட் பற்றிக் கேளுங்கள். சில சிறிய எஞ்சின்களில் இந்தப் பெல்ட் ஒயிலுக்குள்ளேயே ஓடும். ஒயிலை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் பெல்ட் உரிந்து எஞ்சினே பழுதாகலாம். "மாற்றியாச்சு" என்ற சொல் போதாது, பில் வேண்டும்.

இலக்கத்தகடு சொல்லும் கதை

வீட்டில் இருந்தபடியே, ஒரு பென்னியும் செலவில்லாமல் செய்யக்கூடியது இது. அரசாங்க இணையத்தளத்தில் எம்.ஓ.டி. வரலாறு என்ற பக்கத்தில் கார் இலக்கத்தைப் போட்டால், ஒவ்வொரு வருடமும் கார் சித்தியடைந்ததா, எதனால் தவறியது, எத்தனை மைல் ஓடியிருந்தது என்பதெல்லாம் வரும். இணையம் பழக்கமில்லாத பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்க்கலாம்.

மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, மைல் கணக்கு வருடா வருடம் கூட வேண்டும். இடையில் குறைந்திருந்தால் மீற்றரில் கை வைத்திருக்கலாம். இரண்டாவது, சித்தியடைந்த வருடத்திலும் "அட்வைசரி" என்று சில குறைகளை எழுதியிருப்பார்கள். இன்றைக்குப் பிழை இல்லை, நாளைக்கு வரும் என்பது அதன் அர்த்தம். எனக்கு நடந்தது இதுதான். மூன்றாவது, ஒரே குறை மூன்று வருடமாகத் திரும்பத் திரும்ப வந்தால், அந்தக் காரை யாரும் பராமரிக்கவில்லை என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல், இருபது பவுண் அளவில் செலவழித்து ஒரு முழு வரலாற்று அறிக்கையும் எடுங்கள். கார் களவு போனதா, அதன் மேல் கடன் நிலுவை இருக்கிறதா, காப்புறுதி நிறுவனம் விபத்துக்குப் பின் கைவிட்டதா என்று அது காட்டும். 2017 அக்டோபரிலிருந்து, திருத்தக்கூடிய விபத்துக் கார்களில் சட்டகம் பாதித்தவை "எஸ்" வகை, மற்றவை "என்" வகை. இரண்டையும் திருத்தி ஓட்டலாம். ஆனால் அது தெரியாமல் முழு விலை கொடுக்கக் கூடாது.

நேரில் பார்க்கும்போது

விற்பவரின் வீட்டுக்கே போங்கள், பகல் வெளிச்சத்தில் போங்கள். "எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம்" என்று முதலே சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் குறையைக் காட்டும். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை தொடர்ந்தால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகலாம். நகரக் கார்களில் கிளச் சீக்கிரம் தேயும். கியரைப் போட்டு மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளச் முடிந்துவிட்டது. ரயரின் தவாளிப்பு ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. ஓட்டிப் பார்க்க முன் அதற்குக் காப்புறுதி இருக்கிறதா என்றும் உறுதிப்படுத்துங்கள்.

லொக் புக் எனப்படும் வி5சி பத்திரத்தில் உள்ள பெயரும் முகவரியும் விற்பவருடையதா என்று பாருங்கள். அது உரிமைப் பத்திரம் அல்ல, காரைப் பதிவில் வைத்திருப்பவர் யார் என்று மட்டுமே சொல்லும். கண்ணாடியின் அடியில் உள்ள நீண்ட இலக்கமும் பத்திரத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். காசு கொடுத்தால் இருவரும் ஒப்பமிட்ட பற்றுச்சீட்டு எடுங்கள். வீதி வரி 2014 அக்டோபரிலிருந்து காரோடு சேர்ந்து வருவதில்லை. ஓட்டிக்கொண்டு வர முன் உங்கள் பெயரில் வரி கட்ட வேண்டும்.

டீலரா, தனியாரா?

தனியாரிடம் விலை குறைவு. ஆனால் சொன்னதற்கு மாறாக இருந்தால் தவிரப் பின்னர் கேட்க அதிகம் வழியில்லை. டீலரிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை. வாங்கும்போதே குறை இருந்திருந்தால் 30 நாட்களுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கலாம். அதன் பிறகு ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், திருத்த ஒரு சந்தர்ப்பம் கொடுத்து, சரிவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். டீலர் "பார்த்தபடி விற்றது" என்று பில்லில் எழுதினாலும் இந்த உரிமை போகாது. முற்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். விலை 100 பவுணுக்கு மேல், 30,000 பவுணுக்குள் என்றால் கார்ட் நிறுவனமும் பொறுப்பு.

பிள்ளையின் கார், அப்பாவின் காப்புறுதி

இதை எழுதக் கொஞ்சம் தயக்கம்தான். ஆனாலும் எமது வீடுகளில் நடக்கிறது. 19 வயது மகன் நாளாந்தம் ஓட்டும் காருக்கு அப்பாவை முதன்மைச் சாரதியாக எழுதி, மகனை இரண்டாவதாகப் போடுவார்கள். காசு மிச்சம் என்று நினைக்கிறோம். சட்டத்தில் இது மோசடி. விபத்து என்று வந்தால் நிறுவனம் காப்புறுதியை இரத்துச் செய்யலாம், மற்றவருக்குக் கொடுத்த நட்டஈட்டை எங்களிடம் கேட்கலாம். காப்புறுதி இல்லாமல் ஓட்டியதாக வந்தால் 300 பவுண் தண்டமும் 6 புள்ளிகளும். லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி வந்தால் லைசன்ஸே போய்விடும், மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். வழக்கு நீதிமன்றம் போய்த் தண்டனை கிடைத்தால், குடியுரிமை விண்ணப்பத்திலும் அதை எழுத வேண்டிவரும். எத்தனை வருடம் காத்திருந்து விசா எடுத்தோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

நேர்மையான வழிகள் இருக்கின்றன. மகனையே முதன்மைச் சாரதியாகப் போட்டு, நீங்களும் உண்மையிலேயே ஓட்டுவீர்கள் என்றால் உங்களை இரண்டாவதாகச் சேருங்கள். ஓட்டும் முறையை அளக்கும் கறுப்புப் பெட்டிக் காப்புறுதியை விசாரியுங்கள். சிறிய எஞ்சின் காரை எடுங்கள். பிள்ளை பகுதி நேரமாகச் சாப்பாடு விநியோகிக்கப் போகிறான் என்றால் அதற்குத் தனிக் காப்புறுதி வேண்டும், சாதாரணமானது செல்லாது.

நேயர்களே, இரண்டு வருடங்களுக்கு முன் என் மகளின் சிநேகிதி வீட்டார் தங்கள் காரை விற்றபோது நானே போய்ப் பார்த்தேன். அவர்களும் எம்மவர்கள்தான். நான் வாய் திறக்க முன்பே அந்த அம்மா ஒரு கோப்பை எடுத்து மேசையில் வைத்து, "எல்லாப் பேப்பரும் இருக்கு அண்ணை, ஆறுதலாப் பாருங்கோ, நான் தேத்தண்ணி போடுறன்" என்றார். அன்று கேட்பதற்கு எனக்குக் கூச்சம் இருக்கவில்லை. அவருக்கும் மனத்தாங்கல் இருக்கவில்லை. அந்தக் கார் இன்றும் ஓடுகிறது, அந்தக் குடும்பத்தோடு போக்குவரத்தும் இருக்கிறது.

வாங்குபவர் கேட்கப் பழக வேண்டும். விற்பவர் கேட்க முன்பே காட்டப் பழக வேண்டும்.