மலையேறும் உடம்புக்கு எத்தனை சிசி?

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு வழியாகப் போனால் 2,388 படிகள்தான், ஆனால் ஏற்றம் செங்குத்து. சித்தூர், திருப்பதிப் பக்கத்துப் பெண்கள் பலருக்கு இந்த ஏற்றம் வேண்டுதல், சிலருக்கு உடற்பயிற்சி. மார்பகத்தில் சிலிக்கோன் இம்பிளாண்ட் வைத்துக்கொள்ள யோசிக்கும் ஒரு பெண் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தியும் இதுதான்: நான் படியேறுகிறேன், ஓடுகிறேன், வாலிபால் ஆடுகிறேன், தினமும் பால் கேன் தூக்குகிறேன். பெரும்பாலோர் இதைச் சொல்வதில்லை. கைப்பேசியில் ஒரு நடிகையின் படத்தைக் காட்டி, 'இந்த அளவு' என்கிறார்கள்.

டாக்டர்கள் அளவை சிசியில், அதாவது கன சென்டிமீட்டரில், சொல்வார்கள். சிலிக்கோன் ஜெல் தண்ணீரைவிடச் சற்றே இலேசானது. எனவே 300 சிசி இம்பிளாண்ட் ஏறக்குறைய 290 கிராம். இரண்டு பக்கமும் சேர்த்தால் அரைக் கிலோவுக்கு மேல். உப்புநீர் நிரப்பிய வகை இன்னும் கொஞ்சம் கனம். உட்கார்ந்திருக்கும்போது இந்த எடை பெரிதாகத் தெரியாது. ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் முன்னும் பின்னுமாகவும் அசைகிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் இந்த அசைவை அளப்பதற்கென்றே ஓர் ஆய்வுக்குழு பல ஆண்டுகளாக இயங்குகிறது. எடை கூடக் கூட அசைவின் இழுப்பும் கூடும். அதைத் தாங்குவது மேல்தோலும் உள்ளே இருக்கும் மெல்லிய நார்களுந்தான். ஒருமுறை தளர்ந்த நார் பயிற்சியால் இறுகாது.

பிரா அளவைச் சொல்லிக் கேட்பதும் பயன்படாது. 34சி-யும் 36சி-யும் ஒரே எழுத்தில் முடிந்தாலும் உள்ளே கொள்ளும் அளவு வேறு. கம்பெனிக்குக் கம்பெனியும் மாறும். அனுபவமுள்ள பிளாஸ்டிக் சர்ஜன் முதலில் மார்பகத்தின் அடியகலத்தை சென்டிமீட்டரில் அளப்பார். இம்பிளாண்டின் அகலம் அதற்குள் அடங்க வேண்டும். மீறினால் ஓரம் அக்குள் பக்கம் போய்க் கையை வீசும்போது உரசும். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கும். அகலம் முடிவான பிறகு மிச்சமிருப்பது முன்பக்க உயரம் மட்டுமே. ஒரே அகலத்தில் தட்டையானதும் உயரமானதும் கிடைக்கும், அதனால்தான் சிசி மாறுகிறது. ஆகவே தெரிவு நாம் நினைப்பதைவிடக் குறுகியது. பெண்ணின் விருப்பம் அந்த எல்லைக்குள் எந்தப் பக்கம் சாய்வது என்பதில்தான். என்னைக் கேட்டால், மலையேறுபவரும் ஓடுபவரும் சிறிய பக்கம் சாய்வதே நல்லது. பெரிய இம்பிளாண்ட் காலப்போக்கில் தன்மேல் இருக்கும் தோலையும் கொழுப்பையும் மெலிய வைக்கும், கீழே இறங்கவும் செய்யும். அதைச் சரிசெய்ய இன்னோர் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும்.

அளவைப் போலவே முக்கியமானது வைக்கும் இடம். இதை யாரும் கேட்பதில்லை. மார்புத் தசைக்கு மேலே வைக்கலாம், கீழேயும் வைக்கலாம். மேல்பகுதியில் தோலையும் கொழுப்பையும் விரலால் கிள்ளிப் பார்ப்பார்கள். சுமார் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் தசையின் போர்வை வேண்டும், இல்லையேல் விளிம்பு வெளியே தெரியும். ஒல்லியான ஓட்டக்காரிக்குப் பெரும்பாலும் இதுதான் நிலைமை. ஆனால் தசைக்கடியில் வைப்பதற்கு ஒரு விலை உண்டு. தண்டால் எடுக்கும்போதும், நீந்தும்போதும், வாலிபாலில் ஸ்மாஷ் அடிக்கும்போதும் அந்தத் தசை இறுகி இம்பிளாண்டைத் தள்ளும். மார்பகம் ஒருகணம் விகாரமாக விலகித் தெரியும். கைவேலை அதிகம் செய்பவருக்கு, கிள்ளிப் பார்த்ததில் சதை போதுமென்றால், தசைக்கு மேலே வைப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசலாம்.

முடிவெடுக்கும் முன் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு மெல்லிய துணிப்பைகளில் அரிசி நிரப்பி, நீங்கள் யோசிக்கும் இம்பிளாண்டின் எடைக்குச் சமமாகத் தராசில் நிறுத்து, ஸ்போர்ட்ஸ் பிராவுக்குள் வைத்து ஒரு நாள் வீட்டு வேலை முழுக்கச் செய்து பாருங்கள். கோப்பையால் அளந்தால் கணக்குத் தப்பும், அரிசி ஜெல்லைவிட இலேசு. எடைக்குத் தராசுதான் சரி. பையைக் கழற்றும்போது முதுகு நிம்மதிப் பெருமூச்சு விட்டால், ஐம்பது சிசி குறைத்துக் கேளுங்கள்.

பாரத்தைக் குறைப்பதும் இதே கணக்கின் மறுபக்கம். ருமேனிய டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் 2009-இல், 17 வயதில், மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். முதுகுவலியும் பந்துக்கு ஓடுவதில் தாமதமும் காரணம். 2018-இல் பிரெஞ்சு ஓபனையும் 2019-இல் விம்பிள்டனையும் வென்றார். சிகிச்சைதான் கோப்பை வாங்கித் தந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விளையாடுகிறவர் தன் உடம்பின் எடையை எவ்வளவு கூர்மையாக உணர்கிறார் என்பது தெரிகிறது.

நம் பக்கத்திலும் இந்தப் பேச்சு அரசு மருத்துவமனை வரை வந்ததுண்டு. 2018-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஏழைப் பெண்களுக்கு மார்பக பிளாஸ்டிக் சர்ஜரியைத் தமிழக அரசு இலவசமாகத் தொடங்கியபோது, அழகுக்கு அரசுப் பணமா என்று எதிர்ப்பு வந்தது. வந்தவர்களில் பெரிய மார்பகத்தால் தோள்வலி கண்டவர்களும், இரு பக்கமும் ஒத்துப்போகாதவர்களும் உண்டு. அழகு, தேவை என்று கோடு கிழிப்பது அத்தனை எளிதாக இருக்கவில்லை.

புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்களுக்குக் கணக்கே வேறு. சித்தூர்க்காரர்கள் பலர் இதற்கு வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறார்கள், திருப்பதியில் 1993 முதல் ஸ்விம்ஸ் மருத்துவமனை இருக்கிறது, டாடா அறக்கட்டளையின் துணையோடு 2022-இல் திறந்த புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அகற்றப்பட்டிருந்தால் மறுபக்கத்தை ஒத்ததே அளவு. கதிர்வீச்சு பெற்ற இடத்தில் இம்பிளாண்டைச் சுற்றியுள்ள தழும்பு இறுகிக் கெட்டியாகும் வாய்ப்பு அதிகம் என்பதால், உடம்பின் சொந்தத் திசுவை எடுத்து மார்பகம் அமைப்பதும் உண்டு. எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதைக் கேட்க வேண்டும். முதுகுத் தசையை எடுத்தால் நீச்சலிலும் கையூன்றி ஏறுவதிலும் வலு குறையலாம். வயிற்றுத் தசையை எடுத்தால் குனிந்து பாரம் தூக்கும்போது தெரியும். வயிற்றின் தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுத்துத் தசையை விட்டுவைக்கும் நுண்ணறுவை முறை உண்டு. அதற்கு நேரமும் கைத்தேர்ச்சியும் கூடுதலாக வேண்டும்.

சிகிச்சைக்கு மறுநாளே மெதுவாக நடக்கச் சொல்வார்கள். முதல் இரண்டு வாரம் இரத்த அழுத்தம் எகிறும் எந்த வேலையும் ஆகாது, உள்ளே இரத்தம் கட்டிக்கொள்ளும். ஓட்டமும் பாரமும் பொதுவாக ஆறு வாரத்துக்குப் பிறகு. தண்டால், நீச்சல் போல மார்புத் தசைக்கு வேலை தருபவை அதற்கும் பின்னால், டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு. முடிகாணிக்கைத் தேதியைக் குறித்துவிட்டு அறுவைக்கு நாள் பார்ப்பவர்கள் வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது.

இம்பிளாண்ட் ஆயுள் முழுக்க வருவதல்ல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-இல் பெட்டியின்மேல் கடும் எச்சரிக்கை போடச் சொல்லி, இதையும் அதில் எழுத வைத்தது. அதற்கு இரண்டாண்டு முன், ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பு தெரிந்ததால் அலர்கன் நிறுவனத்தின் சொரசொரப்பான மேற்பரப்புள்ள வகைகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. ஜெல் வகை வைத்தவர்கள் ஐந்தாறு ஆண்டில் முதல் ஸ்கேனும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறையும் எடுக்கும்படி அந்த அமைப்பு சொல்கிறது. கம்பெனி, அளவு, வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டச் சொல்லி வாங்கி வையுங்கள். மேமோகிராம் எடுக்கப் போகும்போது இயந்திரத்தில் நிற்கும் முன்பே டெக்னீஷியனிடம் இம்பிளாண்ட் இருப்பதைச் சொல்லுங்கள். அதை ஒதுக்கிப் பிடித்து எடுக்கத் தனி முறை இருக்கிறது.