கொத்தமல்லி இல்லாத ரசம்

ரசம் மணக்க வேண்டுமானால் கொத்தமல்லித் தழை வேண்டும். இதை நம்மில் மறுப்பார் எவருமிலர். நானும் மறுத்தவனல்லேன், சென்ற ஜூன் முதல் வாரம் வரையில்.

களப்பணிக்காக அந்தமான் சென்ற நான் குட்வில் எஸ்டேட்டில் நண்பர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தேன். ஒருநாள் அவர் என்னை நகருக்கு அழைத்துச் சென்றார். 2024-இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரே அந்நகர். அங்கே நான்கே மேசைகள் கொண்ட ஓர் உணவுக் கடை. பட்டியல் பலகை கிடையாது. காலையில் சந்தையில் கிடைத்ததைக் கடைக்கார அம்மையார் வாயால் சொல்வார், அதுவே பட்டியல்.

‘‘வஞ்சிரம் இல்லையா, அம்மா?’’ என்றேன்.

‘‘விசைப்படகு போகாத காலமல்லவா, தம்பி? பதினைந்தாம் தேதி வரட்டும்’’ என்றார்.

நம் கிழக்குக் கரைக்கு உள்ளது போலவே இத்தீவுகளுக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை உண்டு. மீன் இனம் பெருக விடும் ஏற்பாடு அது. சிறு தோணியில் வந்த பாரை மீன்தான் அன்றைய குழம்பு. உடன் வாழைப்பூப் பொரியலும் சேப்பங்கிழங்கும் இருந்தன.

பிறகு ரசம் வந்தது. ‘‘கொத்தமல்லி அருமையாக மணக்கிறதே!’’ என்றேன். அம்மையார் சிரித்துவிட்டு உள்ளே சென்று, ஒரு சாண் நீளமும் ரம்பம் போன்ற விளிம்பும் கொண்ட இலையொன்றைக் கொணர்ந்தார். பர்மா தனியா!

தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் எரிஞ்சியம் ஃபீட்டிடம். பின்சொல்லுக்குப் பொருள் ‘நாற்றமடிப்பது’. பெயரிட்டவர் ரசம் உண்டறியாதவர் போலும்! வெப்ப அமெரிக்காவில் தோன்றிய இச்செடி கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்ததே. இரண்டின் இலைமணமும் ஆல்டிஹைடு என்னும் வகைப் பொருள்களால் ஆவது. கொத்தமல்லியில் 10 கார்பன் அணுக்கள் கொண்டவை மிகுதி; இதில் 12 கொண்டது மிகுதி. மூலக்கூறு பெரிதானால் ஆவியாதல் தாமதிக்கும். ஆகவேதான் கொத்தமல்லியை இறக்கும்போது தூவுகிறோம். இதையோ கொதிக்கும்போதே போடலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவில் மென்மையான கொத்தமல்லி எளிதில் அழுகிவிடும். பர்மா தனியாவோ தென்னை, பாக்கு மரங்களின் நிழலிலும் தழைக்கிறது.

இதனால் அந்தக் கடையில் எல்லாம் உள்ளூர்ப் பொருளே என்று எண்ணிவிட வேண்டா. தீவில் நெல் விளையினும் போதாது. அரிசியும் பருப்பும் வெங்காயமும் சென்னை போன்ற துறைமுகங்களிலிருந்து 1,200 கிலோமீட்டர் அளவு கடல் கடந்து வருகின்றன. கப்பல் தாமதித்தால் விலை ஏறும். அம்மையார் தோட்டத்தையும் தோணியையும் நம்புவதற்கு நாவின் நயம் மட்டும் காரணமன்று, கைமுதலும் காரணம்.

நாங்கள் உண்டுகொண்டிருக்கையில் நம்மவர் இருவர் வந்தனர். சின்ன வெங்காயச் சாம்பார் கேட்டனர். இல்லையென்றதும் எழுந்து போய்விட்டனர். அம்மையார் ஒன்றும் பேசாமல், விரித்த இலைகளை மடித்து எடுத்தார். நண்பர் உடன் இல்லாதிருந்தால் மூன்றாமவனாக நானும் எழுந்திருப்பேன். ஊர் விட்டு வந்து படிக்கும் நாம் விடுதியில் நாள்தோறும் போடும் சண்டையும் இதுதானே?

ஒரு நாற்றை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து விடுதியின் பின்புறம் நட்டிருக்கிறேன். வேர் பிடித்துவிட்டது. சமையற்காரர் மட்டும் அதைக் களையென்றே கருதுகிறார். ஒருமுறை பிடுங்கியும் விட்டார்.