சந்தையில் சொல்லட்டும் சர்க்கார்

கிருஷ்ணகிரி ஜில்லாவிலே குந்தாரப்பள்ளியின் வெள்ளிக்கிழமைச் சந்தை ஆடு மாடு வியாபாரத்துக்குப் பெயர் போனது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் அங்கே காதில் விழும்.

மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசியைச் சர்க்கார் இலவசமாகவே போடுகிறது. முகாம் நடக்கும் நாளை அறியாத குடியானவனுக்கு அதனால் என்ன லாபம்? மாடு நோயில் விழுந்தால் அவன் ஜீவனமல்லவா போகிறது!

இலாகாக்கள் தாமாகவே செய்திகளை வெளியிட வேண்டும்; அவ்வூர்ப் பாஷையையும் அவ்விடத்துக்கேற்ற வழியையும் கருதியே வெளியிட வேண்டும் என்கிறது 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு. 2022-இல் தமிழ்நாட்டில் தண்டோராவை நிறுத்தி, ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கும்படி உத்தரவாயிற்று. மனிதரைத் தாழ்த்திய வழக்கம் ஒழிந்தது நன்றே. அறிவிக்கும் கடமை ஒழியவில்லை. ஜனங்கள் கூடும் சந்தையில், மூன்று பாஷைகளிலும் அது ஒலிக்கட்டும்.