தொப்பைக்கு ஒரு பட்ஜெட்

அப்பாவுக்கு நாற்பதில் சர்க்கரை. எனக்கு 36, எடை 80 கிலோ, உயரம் 165 செ.மீ. பயம் வராதா, சார்?

சும்மா படுத்திருந்தாலும் உடம்பு கலோரி செலவழிக்கிறது. இதோ 1990-ல் வந்த மிஃப்லின் சூத்திரம்: எடையை 10-ஆல், உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண்கள் 5 கூட்டணும். பெண்கள் 161 கழிக்கணும். எனக்கு நாளொன்றுக்கு 1,656.

அதை வைத்துச் சாப்பாட்டைக் குறைத்தேன். எட்டு கிலோ இறங்கியது. அப்புறம் முள் நகரவே இல்லை!

"அதே சாப்பாடுதானே?" என்று புலம்பினேன்.

"அதே உடம்பு இல்லையே! பழைய பட்ஜெட்டை வச்சுக்கிட்டு புதுக் கணக்கு எழுதறீங்க. பி.காம். வேற!" என்றாள் மனைவி.

மறுபடி போட்டேன்: 1,576. தினம் 80 கலோரி செலவு குறைந்திருக்கிறது. ஒரு இட்லிக்கு மேல்!

சூத்திரம் உத்தேசம்தான். வாராவாரம் எடை மெஷின் தருவதுதான் ஆடிட் ரிப்போர்ட்.