மூடி திறக்கும் நேரம்

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் உளியடியில் எழும் கருங்கல் தூள் நாளடைவில் நுரையீரலைக் கெடுக்கக்கூடியதே என்றாலும் அது ஒருபோதும் தீப்பற்றுவதில்லை. கல்லிலுள்ள சிலிக்கன் ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட நிலையில் இருப்பதால் மேற்கொண்டு எரிவதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. பழைய மாமல்லபுரம் சாலையில் திருப்போரூரை ஒட்டியுள்ள ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையிலும், மதுராந்தகத்தை அடுத்த படாளத்துக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையிலும், சுற்றுவட்டார அரிசி ஆலைகளிலும் எழும் தூள் வேறு இனத்தது. சர்க்கரை, மாவு, மாத்திரையில் மருந்தைத் தாங்கி நிற்கும் செல்லுலோஸ் ஆகியவை குவியலாகக் கிடந்தால் மெல்லக் கருகும். நுண்தூளாகிக் காற்றில் கலந்து, சுவர்களுக்குள் அடைபட்டு, ஒரு தீப்பொறியையும் சந்தித்தால் வெடிக்கும். 2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாசமைலாரத்தில் செல்லுலோஸ் தூள் தயாரிக்கும் ஆலையொன்றில் நேர்ந்த வெடிப்பு 40க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

இத்தகைய விபத்துகளுள் மிக விரிவாக ஆராயப்பட்டவற்றில் ஒன்று, 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இம்பீரியல் சர்க்கரை ஆலையில் 14 பேர் உயிரிழந்த வெடிப்பு. அங்கே சேமிப்புக் குதிர்களுக்கு அடியில் ஓடிய கன்வேயர் பட்டையை, சர்க்கரையில் அழுக்கு விழாதிருக்கும்பொருட்டு எஃகுத் தகடுகளால் மூடியிருந்தனர். திறந்திருந்தவரை கலைந்துபோன தூள், மூடிய கூண்டுக்குள் வெடிக்கும் அளவுக்குச் செறிந்தது. முதல் வெடிப்பின் அதிர்வு தளங்களிலும் விட்டங்களிலும் படிந்திருந்த தூளைக் கிளப்பிவிட, பேரழிவை விளைவித்தவை அடுத்தடுத்து வந்த வெடிப்புகளே. படிந்த தூளை அற்பமாக எண்ணுவதற்கில்லை: கன மீட்டருக்கு 500 கிலோகிராம் அடர்த்தியுள்ள தூள் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் தரையெங்கும் படிந்து, 5 மீட்டர் உயர அறையில் முழுவதும் எழும்புமானால், கன மீட்டருக்கு 100 கிராம் செறிவு உண்டாகும்; பல கரிமத் தூள்கள் அதற்கும் குறைந்த செறிவிலேயே வெடிக்கும்.

தொழிற்சாலைகளில் சென்சார் என்றே வழங்கும் தூள் உணரியின் பணி இங்கேதான் தொடங்குகிறது. ஒரு வகையில், குழாய்க்குள் நீட்டிய உலோகத் தண்டைத் துகள்கள் கடக்கும்போது தோன்றும் நுண்ணிய மின்னோட்டம் அளக்கப்படுகிறது. மற்றொரு வகையில், துகள்கள் சிதறடிக்கும் ஒளி அளக்கப்படுகிறது. வடிகட்டிக்கு அப்பால் இவை காணும் செறிவு மில்லிகிராம் கணக்கிலானது, வெடிப்புக்குரியதோ கிராம் கணக்கிலானது. ஆகவே இக்கருவி வெடிப்பை நேரே முன்னறிவிப்பதில்லை. வடிகட்டிப் பை கிழிந்து தூள் கசியத் தொடங்கியதை, அது விட்டங்களில் படியும் முன்பே சொல்லிவிடுகிறது. அதன் மதிப்பு அவ்வளவுதான். ஆனால் அது சிறிதன்று.

தூள்மேகம் எப்போதும் இருக்கும் குழாய்க்குள், குதிர்க்குள் போன்ற இடங்களை மண்டலம் 20 என்றும், இயல்பான இயக்கத்தில் அவ்வப்போது தோன்றும் இடங்களை 21 என்றும், அரிதாகத் தோன்றிச் சிறிது நேரமே நீடிக்கும் இடங்களை 22 என்றும் பன்னாட்டுத் தரநிலைகள் பிரிக்கின்றன. அங்கே நிறுத்தப்படும் உணரி இரு வழிகளில் காக்கப்படலாம். தூள் புகாத உறைக்குள் மின்சுற்றை அடைத்து, உறையின் மேற்பரப்புச் சூட்டையும் கட்டுக்குள் வைப்பது ஒரு வழி. கம்பி அறுந்தாலும் தூளைக் கொளுத்தும் ஆற்றல் பிறக்காதபடி மின்சாரத்தையே மட்டுப்படுத்துவது மற்றொன்று. முதல் வகையின் பாதுகாப்பு முழுவதும் அதன் மூடியில் இருக்கிறது என்பதால், பராமரிப்புக்காக அதைத் திறக்கும் கணத்தில் அக்கருவி சாதாரண மின்பெட்டி ஆகிவிடுகிறது. எனவே மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சைப் பூட்டி, பெயரட்டை மாட்டி, சுற்றிலுமுள்ள தூளை அகற்றிய பிறகே திருகைத் தொட வேண்டும். இரண்டாம் வகையை மின்னோட்டம் இருக்கும்போதே சோதிக்க இடமுண்டு, ஆனால் சோதிக்கும் மீட்டரும் அம்மண்டலத்துக்கெனச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். சட்டைப் பையிலுள்ள கைபேசிக்கு அச்சான்று கிடையாது.

இப்பணியில் மிகக் கெட்ட பழக்கம், உணரியின் கண்ணாடியில் படிந்த தூளைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவதுதான். படிவாகக் கிடந்ததை மேகமாக்குவது, வெடிப்புக்குத் தேவையானவற்றுள் ஒன்றைக் கையாலேயே வழங்குவதாகும். ஈரத்துணியால் துடைப்பதோ, தூள்மண்டலத்துக்கென வடிவமைத்த உறிஞ்சியைப் பயன்படுத்துவதோ நேரம் பிடிக்கும். ஷிஃப்ட் முடியும் தறுவாயில் அந்த நேரமே பெரிதாகத் தோன்றுகிறது. இதைப் போலவே, சோதனைக்காக எச்சரிக்கை இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தால் அதை வேலை அனுமதிச் சீட்டில் எழுதி, மீண்டும் சேர்த்து, அலாரம் ஒலிப்பதைக் காதால் கேட்ட பின்னரே சீட்டை முடிக்க வேண்டும்.

கடற்கரையோர ஆலைகளுக்கு இவற்றோடு உப்புக் காற்றும் சேர்கிறது. ஈரப்பதம் நிலைமின்னைக் குறைக்கும் என்பது உண்மையே என்றாலும், ஈரம் இழுக்கும் மருந்துப் பொருள்களுக்காகக் குளிரூட்டி உலர்த்தப்பட்ட அறைகளுக்குள் கடலோரத்தின் அந்தச் சலுகை செல்லாது. அங்கே ஊழியர் உடலில் ஏறும் நிலைமின்னின் ஆற்றல் 10 மில்லிஜூல் அளவை எட்டக்கூடும், சில மருந்துத் தூள்களைக் கொளுத்த அதுவே போதும். அறைக்கு வெளியிலோ உப்பு தன் வேலையைச் செய்கிறது: உறையின் விளிம்பு அரிக்கப்படுகிறது, கேபிள் நுழையும் கிளாண்டு தளர்கிறது, குழாய்களைப் பூமியோடு பிணைக்கும் கம்பியின் முனை துருவேறுகிறது. துருப்பிடித்த இரும்பின்மேல் அலுமினிய ஏணி மோதினால், தண்டவாளம் பற்றவைக்கப் பயன்படும் தெர்மிட் வினையே நுண்ணளவில் நிகழ்ந்து கடுஞ்சூடான தீப்பொறி தெறிக்கலாம். முழுவதும் உலோகத்தாலான பூமியிணைப்பின் மின்தடை 10 ஓமைத் தாண்டினால் எங்கோ ஓர் இணைப்பு அரித்துவிட்டது அல்லது தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். வெடிசூழல் கருவிகளின் ஆய்வுகளுக்கிடையே, நிபுணர் ஆலோசனையின்றி மூன்றாண்டுக்குமேல் இடைவெளி விடலாகாது என்று பன்னாட்டுத் தரநிலை விதிக்கிறது. அது உச்ச வரம்பே; கடலலை ஓசை கேட்கும் தொலைவிலுள்ள ஆலை அதையே தன் கால அட்டவணையாக எழுதிக்கொள்வதற்கு நியாயமில்லை.