பழைய கணினி புதிய பாதைக்குத் தகுமா?

நமது மாட்டுங்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்குக் கணினி இன்று ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளின் பாடம், வங்கிக் கணக்கு, ஊரிலுள்ள பெற்றோரின் முகம் பார்த்துப் பேசுதல் ஆகிய யாவும் அதன் வழியே நடைபெறுகின்றன. அவற்றுள் பல விண்டோஸ் 10 கொண்டு இயங்குபவை. அதற்கு இலவசமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ந் தேதியுடன் நிறுத்தியது. அதனால் கணினி நின்றுவிடாது. ஆயினும், திருடர் புதிதாய்க் கண்டுபிடிக்கும் ஓட்டைகளை அடைப்பார் இல்லாமற் போயிற்று. எனவேதான் விண்டோஸ் 11-க்கு மாறவேண்டிய அவசியம் நேர்ந்தது.

நமது இல்லத்துக் கணினியோ, தான் விண்டோஸ் 11-க்கு ஏற்றதன்று என்று திரையில் அறிவித்தது. கலக்கமுற்று அதனைக் கடையொன்றிற்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் அதை இயக்கியும் பாராமல், "இது தேறாது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். அவர் சொன்ன விலை ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேறினோம்.

ரயிலில் நின்றவாறே வருகையில் நமது இலாகாவின் வரலாறு ஒன்று நினைவிற்கு வந்தது. 1925 பிப்ரவரி 3-ந் தேதி பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார ரயில் ஓடியது. அன்று கொண்ட 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தை, பிற்காலத்தில் 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றினார்கள். ஹார்பர் மார்க்கத்தில் இவ்வேலை 2016 ஏப்ரலில் நிறைவேறியது. மின்சாரத்தை மாற்றுவதற்கு முன் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் கம்பிக்குப் போதிய இடைவெளி உண்டா என அளந்தார்கள். இருவகை மின்சாரத்திலும் ஓடவல்ல வண்டிகளைச் சேர்த்தார்கள். எது தகும், எது தகாது என்பதைச் சோதித்து அறிந்த பின்னரே பழைய வண்டிகளுக்கு விடை கொடுத்தார்கள். பாராமலே எதனையும் தள்ளிவிடவில்லை. நாமும் அவ்வாறே செய்தால் என்ன?

அன்றிரவே சோதனையைத் தொடங்கினோம். விண்டோஸ் சின்னமுள்ள விசையையும் 'ஆர்' விசையையும் ஒருசேர அழுத்தினால் சிறு கட்டம் ஒன்று தோன்றும். அதில் 'எம்எஸ்இன்ஃபோ32' என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டினால், கணினியின் ஜாதகம் முழுவதும் விரியும். அதில் பார்க்கவேண்டியவை சிலவே.

முதலாவது, நினைவகம் குறைந்தது 4 ஜி.பி. இருத்தல் வேண்டும். சேமிப்பிடம் 64 ஜி.பி. வேண்டும். 4 ஜி.பி. என்பது விதிக்குப் போதுமே தவிர வேலைக்குப் போதாது, 8 ஜி.பி. இருப்பின் நலம்.

இரண்டாவது, கணினியின் மூளையாகிய பிராசஸர். இன்டெல் வகையாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிற்பட்டதோ ஆதல் வேண்டும். 'ஐ5-8250' என்றிருந்தால் சிறு கோட்டிற்குப் பின்வரும் 8 என்பதே தலைமுறை. 'ஐ5-7200' என்றிருந்தால் அது ஏழாம் தலைமுறை, தேறாது.

மூன்றாவது, 'பயாஸ் மோடு' என்னுமிடத்தில் 'யு.இ.எஃப்.ஐ.' என்றிருக்க வேண்டும். 'லெகசி' என்றிருந்தால் அவசரப்பட்டு மாற்றிவிடலாகாது. வட்டின் பகுப்பு முறையையும் உடன் மாற்றாவிடில் கணினி எழும்பாது. இதனை அறிந்தவரிடம் விடுவதே முறை.

நான்காவது, டி.பி.எம். 2.0. நிலையத்துப் பணப்பெட்டகம் போன்று, இரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் அமைப்பு இது. முற்கூறிய கட்டத்தில் 'டிபிஎம்', ஒரு புள்ளி, 'எம்எஸ்சி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் இதன் நிலை தெரியும்.

நமது கணினி முதல் மூன்றிலும் தேறியது. நான்காவதில் மட்டும் பெட்டகம் காணப்படவில்லை என்று வந்தது. மறுநாள் அலுவலக நண்பர் ஒருவர், "இல்லாமலிராது, அணைத்து வைக்கப்பட்டிருக்கும்" என்றார். கணினி எழும்பும்போது தோன்றும் அமைப்புப் பக்கத்தில், இன்டெல் வகையில் 'பி.டி.டி.' என்றும் ஏ.எம்.டி. வகையில் 'எஃப்.டி.பி.எம்.' என்றும் இதற்குப் பெயருண்டு. அதனை இயக்கினோம். பின்னர் மைக்ரோசாஃப்ட் இலவசமாய்த் தரும் 'பி.சி. ஹெல்த் செக்' கொண்டு பார்க்க, தகுதியுண்டு என்றே விடை வந்தது. புகைப்படங்களைத் தனி வட்டில் படியெடுத்து வைத்துவிட்டு விண்டோஸ் 11-ஐ ஏற்றினோம். செலவு ஒரு காசுமில்லை.

இவ்விஷயம் அறிந்த அடுத்த வீட்டு அக்கா தமது கணினியையும் கொண்டுவந்தார். வெளிநாட்டிலுள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதன் வழியே தமிழெழுத்துக் கற்பித்து, அவ்வருவாயில் மகளின் கல்லூரிச் செலவைத் தாங்குபவர் அவர். "இதுவும் தேறிவிட்டால் என் வளையல் தப்பும், தம்பி" என்றார். பார்த்தோம், ஐந்தாம் தலைமுறை. எந்த விசையை அழுத்தினும் மூப்பு நீங்காது. உள்ளதைச் சொல்ல நமக்கு நா எழவில்லை, எனினும் சொன்னோம்.

தேறாத கணினிக்கும் வழி இல்லாமலில்லை. 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் பெற நீட்டிப்புத் திட்டமொன்று அறிவிக்கப்பட்டது. அஃதன்றி, இலவச லினக்ஸ் வகைகள் உண்டு. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் அதனைக் கண்டவர் நம்மவருள் இருப்பர். அக்காவின் கணினியில் லினக்ஸ் ஏற்றப்பட்டது. பழைய அச்சுப்பொறி அதனோடு ஒத்துழைக்கவில்லை என்பது குறையே. ஆயினும் வகுப்பு நின்றுவிடவில்லை, வளையலும் கையிலிருக்கிறது.

அன்பர்கள் மூன்றை மறவாதிருக்க வேண்டுகிறோம். அமைப்புகளைத் தொடுமுன் கோப்புகளைப் படியெடுங்கள். 'பிட்லாக்கர்' பூட்டு இருப்பின் அதன் மீட்புச் சாவியையும் குறித்து வையுங்கள். தகுதியற்ற கணினியில் குறுக்கு வழியால் ஏற்றித் தருவோம் என்பாரை நம்பாதீர்கள். பின்னர் திருத்தங்கள் வருமென்பதற்கு உறுதியில்லை. உங்கள் கணினி காலாவதியாயிற்று என்று தொலைபேசியில் அழைப்பவர்க்குக் கடவுச்சொல்லைக் கூறாதீர்கள்.

ஊர்விட்டு ஊர்வந்து உழைத்துச் சேர்த்த பணம் நம்முடையது. கால்மணி நேரச் சோதனைக்குப் பின் அதனைச் செலவிடுவோம். பிறர் சொல்லிற்கு அஞ்சி முன்னதாகவே செலவிட வேண்டாம்.