பொய்ச் சான்றிதழ் அகப்பட்டது எப்படி?

2011-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஈரான் நாட்டில் ஒருவர் தமக்கு வந்த கடிதங்களைப் படிக்கக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கூகிள் கம்பெனியின் 'ஜிமெயில்' பக்கத்தைத் திறந்தார். பக்கம் வரவில்லை. "சான்றிதழ் சரியில்லை" என்ற எச்சரிக்கைதான் வந்தது!

வேறொருவராக இருந்தால் எரிச்சலோடு மூடிவிட்டு எழுந்திருப்பார். இவர் அந்தச் சான்றிதழில் எழுதியிருந்ததை அப்படியே எடுத்து வைத்தார். கூகிளுக்குத் தெரிவித்தார்.

என்ன சான்றிதழ்?

பெரும்பாலான இணையதளங்கள் நம் பிரவுசரிடம் ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. தளத்தின் பெயர், முத்திரை வைத்த கம்பெனியின் பெயர், எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பத்திரத்தில் ரிஜிஸ்திரார் வைக்கும் முத்திரை மாதிரிதான்.

ஈரானில் வந்த சான்றிதழில் இருந்தது கூகிளின் பெயர். முத்திரையோ நெதர்லாந்து நாட்டின் 'டிஜிநோட்டார்' கம்பெனியுடையது! அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் புகுந்த ஆசாமி, ஜூலை 10-ந் தேதி அதைத் தயாரித்திருந்தான். இதை வைத்துக்கொண்டு, தபாலை வழியில் பிரித்துப் படித்து மறுபடி ஒட்டி அனுப்புவது போல, பிறர் கடிதங்களைப் படிக்க முடியும். கூகிளின் 'குரோம்' பிரவுசருக்கு மட்டும் தன் கம்பெனிக்கு முத்திரை வைப்பவர்கள் யார் என்று முன்பே தெரியும். அதனால் பிடித்துவிட்டது.

மோசம் என்னவென்றால், ஆள் புகுந்தது ஜூலை 19-ந் தேதியே டிஜிநோட்டாருக்குத் தெரியும். வெளியே மூச்சு விடவில்லை! பிறகு நடந்த விசாரணையில் 531 பொய்ச் சான்றிதழ்கள் வெளிவந்தன. சுமார் 3 லட்சம் இணைய முகவரிகளிலிருந்து வந்தவர்களிடம் கூகிள் பெயரிலான பொய்ச் சான்றிதழ் காட்டப்பட்டிருந்தது. அநேகமாக எல்லாம் ஈரான் முகவரிகள். நெதர்லாந்து சர்க்காரின் தளங்களுக்கும் இதே கம்பெனிதான் முத்திரை வைத்து வந்தது. செப்டம்பர் மாதத்தில் கம்பெனி திவாலாயிற்று.

எடுத்து வைப்பது எப்படி?

குரோம் பிரவுசரில் முகவரிக்கு இடப்பக்கம் ஒரு சின்னம் இருக்கிறது. அதை அழுத்தினால் 'கனெக்‌ஷன் இஸ் செக்யூர்' என்று வரும். அதற்குள் 'சர்டிபிகேட் இஸ் வேலிட்' என்ற வரி. அதையும் அழுத்தி, 'டீடெயில்ஸ்' பகுதியில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் சான்றிதழ் ஒரு பைலாக வந்துவிடும். எச்சரிக்கை வந்த பக்கத்தில் 'நாட் செக்யூர்' என்று இருக்கும். அங்கேயும் இதே வழிதான். 'பயர்பாக்ஸ்' பிரவுசரில் சான்றிதழ்ப் பக்கத்திலேயே இறக்கிக்கொள்ள வசதி உண்டு.

சான்றிதழில் 'பிங்கர்பிரிண்ட்' என்று 64 எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை காணப்படும். அதுதான் அதன் கைரேகை. வேறோர் இணைப்பில் இருக்கும் நண்பரைப் படிக்கச் சொல்லி ஒத்துப் பார்க்கலாம். ஆனால் பெரிய தளங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றிதழ் வைத்திருப்பதுண்டு. ரேகை மாறியதுமே மோசடி என்று கூச்சல் போட வேண்டாம். யாருடைய முத்திரை என்று முதலில் பார்க்க வேண்டும்.

எடுத்து வைத்த பைல் பிறர் கையில் சிக்கினாலும் பயமில்லை. ரகசியச் சாவி அதில் கிடையாது. அது தளத்தின் சொந்தக்காரரிடமே இருக்கிறது.